இரவுக் கட்டணத்தில் வளர்ந்த உரையாடல்

1980 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கான மாநாடு ஒன்று நடந்தது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஜிம் எல்லிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் அங்கே கூடியிருந்தவர்களுக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தார். யூனிக்ஸ் ஓடும் ஒரு கணினியும், அதைத் தொலைபேசியோடு இணைக்க ஒரு மோடமும் இருந்தால் எங்கள் வலையில் நீங்களும் சேரலாம் என்பது அதன் சாரம். சந்தா கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது, விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அதிகாரியும் கிடையாது. நாளுக்கு ஒன்றிரண்டு செய்திகள் வந்தாலே அதிகம் என்று அந்த மாணவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்த ஆண்டில் பதினைந்து கணினிகள் சேர்ந்தன. நாளுக்குப் பத்துச் செய்திகள் போல ஓடின. 1988-இல் கணினிகள் 11,000, செய்திகள் நாளுக்கு 1,800. யூஸ்நெட் என்று பெயர் பெற்ற அந்த வலை, மையம் என ஒன்று இல்லாமலே கண்டங்களைத் தாண்டிப் பரவிய முதல் பெரிய உரையாடற்களம். உரிமையாளர் இல்லாத ஓர் இடத்தை யார் வளர்க்கிறார்கள், எதைக் கொடுத்து வளர்க்கிறார்கள், எந்தக் கட்டத்தில் அவர்கள் களைத்துப்போகிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு யூஸ்நெட்டின் கதையைப் போல விரிவான சான்று வேறு கிடைப்பது அரிது.

அன்று கணினிகளை இணைக்கும் வலை வேறொன்று இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடிய அர்ப்பாநெட் அது. அந்தத் துறையோடு ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அதில் இடம். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அதனால்தான் யூஸ்நெட்டை 'ஏழைகளின் அர்ப்பாநெட்' என்று அதன் ஆட்களே அழைத்தார்கள்.

டியூக்கில் எல்லிஸின் தோழர் டாம் ட்ரஸ்காட். 1979 கோடையை அவர் பெல் ஆய்வகத்தில், யூனிக்ஸை உருவாக்கியவர்களின் நடுவே கழித்திருந்தார். திரும்பி வந்ததும் அந்தச் சூழலை இழந்த ஏக்கம் அவருக்கு இருந்தது. அதே ஆண்டு யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வெளியானது. ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளைக் கொடுத்து வாங்க உதவும் யூயூசிபி என்ற நிரல் அதோடு வந்தது. புதிய பதிப்புக்கு மாறியபோது, டியூக்கில் உள்ளூர் அறிவிப்புகளுக்குப் பயன்பட்ட பழைய நிரல் வேலை செய்யாமல் போனது. அதற்கு மாற்று ஒன்று எழுதியே ஆகவேண்டும். எழுதுவதை ஏன் பக்கத்து ஊருக்கும் சேர்த்து எழுதக்கூடாது என்ற கேள்வியில்தான் யூஸ்நெட் பிறந்தது. பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பெல்லோவின் சுமார் 150 வரிகளில் முதல் நிரலை எழுதினார். அது ஆமை வேகத்தில் ஓடியது. டியூக்கின் ஸ்டீஃபன் டேனியல் அதை சி மொழியில் திருத்தி எழுதிய பிறகே வெளியூர்களுக்குக் கொடுக்கத் தகுந்த வடிவம் கிடைத்தது.

அது வேலை செய்த முறை மிக எளிது. ஒருவர் தம் கணினியில் ஒரு செய்தி எழுதுகிறார். அந்தக் கணினி, தான் தொடர்பு வைத்திருக்கும் இரண்டு மூன்று கணினிகளுக்கு அதன் நகலைக் கொடுக்கிறது. அவை தங்கள் அண்டைக் கணினிகளுக்குக் கொடுக்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. ஏற்கெனவே வந்த செய்தி வேறு வழியில் மறுபடி வந்தால் கணினி அதை ஒதுக்கிவிடும். இப்படியே செய்தி சில நாட்களில் வலை முழுதும் பரவும். ஒவ்வொரு கணினியிலும் முழு நகல் இருப்பதால், எந்த ஒன்று நின்றாலும் உரையாடல் நிற்காது. செய்திகள் தலைப்புவாரிக் குழுக்களாகப் பிரிந்திருந்தன. எந்தக் குழுவை வாங்குவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அந்தந்தக் கணினியின் நிர்வாகி முடிவு செய்வார். அவருக்கு மேல் யாரும் இல்லை.

ஆனால் தொலைபேசிக்குக் கட்டணம் உண்டு. பகலில் வெளியூர் அழைப்பு விலை அதிகம் என்பதால் கணினிகள் பெரும்பாலும் இரவில், கட்டணம் குறைந்த பிறகு, ஒன்றையொன்று அழைத்துக்கொண்டன. வினாடிக்கு 300 பிட் வேகத்தில் இயங்கிய மோடம்களில் ஒரு பக்கச் செய்தி கடக்கவே ஒரு நிமிடம் ஆகும். செலவைத் தாங்க முன்வந்தவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் கணினிகள். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்வாக்ஸும், இல்லினாய் மாநிலத்தில் பெல் ஆய்வகத்துக்குச் சொந்தமான ஐஎச்என்பி4-உம் பல ஆண்டுகள் நாடு முழுதுக்குமான செய்திகளைச் சுமந்தன. டிஜிட்டல் நிறுவனத்தில் ஆர்மாண்டோ ஸ்டெட்னர் போன்ற பொறியாளர்கள் தங்கள் மேலாளர்களின் சம்மதத்தைப் பெற்று, தொலைபேசிச் செலவை நிறுவனத்தின் கணக்கில் ஏற்றினார்கள். இந்த மனிதர்களின் பெயர்கள் யூஸ்நெட்டின் புகழ்பெற்ற விவாதங்களில் அதிகம் வருவதில்லை. ஆனாலும் ஒரு சமூகத்துக்குச் செய்யப்படும் முதல் பங்களிப்பு என்பது மின்சாரமும் வட்டு இடமும் தொலைபேசி ரசீதும்தான். அதைக் கொடுத்தவர்களை முதலில் வைத்தே இந்த வரலாற்றை எழுதவேண்டும்.

அடுத்த பங்களிப்பு கருவிகள். கூட்டம் பெருகியதும் முதல் நிரல் திணறியது. பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த மார்க் ஹார்ட்டனும், உயர்நிலைப் பள்ளி மாணவரான மாட் கிளிக்மனும் சேர்ந்து 1981-இல் அதைப் புதிதாக எழுதினார்கள். பள்ளிப் பையன் எழுதியது என்பதற்காக ஒரு நிர்வாகியும் அதை மறுக்கவில்லை. நன்றாக ஓடியது, எடுத்துக்கொண்டார்கள். 1984-இல் லாரி வால், செய்திகளை விரைவாகப் படிக்க ஆர்என் என்ற நிரலை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 'கில் ஃபைல்' என்ற வசதி அதில் இருந்தது. பிடிக்காத தலைப்பையோ நபரையோ அதில் குறித்துவிட்டால் அவை கண்ணில் படாது. எழுதுகிறவரின் வாயை அடைக்காமல், படிக்கிறவர் தம் காதை மூடிக்கொள்ளும் ஏற்பாடு இது. இன்று எல்லாச் சமூகத் தளங்களிலும் இருக்கும் 'பிளாக்' பொத்தானுக்கு இதுவே மூத்தது. அதே லாரி வால்தான் 1987 டிசம்பரில் பெர்ல் மொழியை யூஸ்நெட்டில் வெளியிட்டார்.

அட்லாண்டிக்குக்கு அப்பால், ஐரோப்பியக் கிளையின் வாயிலாக இருந்தது ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித மையத்தின் கணினி. அதைப் பார்த்துக்கொண்ட பீட் பேர்ட்டெமா 1984 ஏப்ரல் முதல் தேதி ஒரு வேடிக்கை செய்தார். சோவியத் தலைவர் செர்னென்கோ 'கிரெம்வாக்ஸ்' என்ற கணினியிலிருந்து எழுதுவது போலவும், சோவியத் ஒன்றியம் யூஸ்நெட்டில் சேர்ந்துவிட்டதாகவும் ஒரு செய்தி பரவியது. பலர் நம்பினார்கள், சிலர் கோபித்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் அது நடக்கவே முடியாத காரியமாகத் தெரிந்தது. ஆறு ஆண்டுகளில் அது உண்மையாகவே நடந்தது. 1990-இல் மாஸ்கோவின் டெமோஸ் கூட்டுறவு நிறுவனம் பின்லாந்து வழியாக வலையில் இணைந்தது. தன் கணினி ஒன்றுக்குக் கிரெம்வாக்ஸ் என்றே பெயர் வைத்தது. 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிராக ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, அரசுத் தொலைக்காட்சி உண்மையை மறைத்துக்கொண்டிருந்த நாட்களில், டெமோஸ் ஆட்களின் ரெல்காம் வலை மாஸ்கோ தெருக்களில் நடந்ததை வெளி ஊர்களுக்கும் வெளி நாடுகளுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது. எல்லாக் கணினிகளையும் அணைக்க ஒரே பொத்தான் இல்லாததன் அருமை அன்று புரிந்தது.

உரிமையாளர் இல்லை என்பதால் அதிகாரமும் இல்லை என்று பொருளல்ல. அதிக அழைப்புகளைச் சுமந்த இருபது முப்பது கணினிகளின் நிர்வாகிகள், ஜீன் ஸ்பாஃபோர்டின் ஒருங்கிணைப்பில் 'முதுகெலும்பு' என்று அறியப்பட்டார்கள். எந்தக் குழுவை அவர்கள் சுமக்க மறுத்தார்களோ அது நடைமுறையில் இறந்தது. 1986-இலும் 1987-இலும் அவர்கள் எல்லாக் குழுக்களின் பெயர்களையும் மாற்றினார்கள். அதுவரை 'நெட்' என்று தொடங்கிய பெயர்கள் கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம், வெறும் பேச்சு முதலிய ஏழு பெருங்கிளைகளாகப் பிரிந்தன. இதன் பின்னணியிலும் தொலைபேசி ரசீதுதான் இருந்தது. கடல்கடந்த அழைப்புக்குப் பெரும் பணம் கட்டிய ஐரோப்பியர்கள், முடிவில்லாத அரசியல், மதச் சண்டைகளுக்குச் செலவழிக்க விரும்பவில்லை. சண்டைகளை எல்லாம் 'டாக்' என்ற கிளையில் கட்டி வைத்தால், வேண்டாதவர்கள் அந்தக் கிளையை மொத்தமாக வெட்டிவிடலாம்.

வெட்டுப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. சமையற்குறிப்புகளுக்கான குழு ஒன்றை நடத்திய பிரையன் ரீடுக்குப் புதிய பெயர் பிடிக்கவில்லை. போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு வேண்டுமென்ற ஜான் கில்மோரின் கோரிக்கையை முதுகெலும்பு ஏற்கவில்லை. 1987 மே மாதம் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் ஓர் உணவகத்தில் இவ்விருவரும் கார்டன் மாஃபெட்டும் சந்தித்து, தங்கள் கணினிகளுக்கு இடையே முதுகெலும்பைச் சாராத தனிப் பாதை ஒன்றை அமைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். 'ஆல்ட்' என்ற கிளை அப்படித் தொடங்கியது. அங்கே குழு தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சில ஆண்டுகளில் மற்ற ஏழு கிளைகளையும் விடப் பெரிதாக அது வளர்ந்தது. 1991 ஆகஸ்ட் 6 அன்று டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலை என்ற தம் திட்டத்தைப் பொதுமக்களுக்கு அறிவித்ததும் ஆல்ட் குழு ஒன்றில்தான்.

பழைய கிளைகளில் புதிய குழு பிறக்க வாக்கெடுப்பு முறை வந்தது. முதலில் முன்மொழிவு, பிறகு சில வாரங்கள் விவாதம், பிறகு மின்னஞ்சலில் வாக்கு. எதிர்ப்பை விட ஆதரவு குறைந்தது நூறு வாக்குகளாவது கூடுதலாக இருக்கவேண்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1989-இல் மீன்தொட்டி வளர்ப்பவர்கள் ஒரு குழு கேட்டார்கள். அது பொழுதுபோக்குக் கிளையில் வரவேண்டும் என்றார்கள் பெரும்பாலோர். முன்மொழிந்தவர் அறிவியல் கிளைதான் வேண்டும் என்று நின்றார். பல நிறுவனங்கள் பொழுதுபோக்குக் குழுக்களை வாங்குவதில்லை, அறிவியல் குழுக்களை வாங்கும் என்பது அவர் வாதம். அலங்கார மீன்களுக்காக மாதக்கணக்கில் மூண்ட அந்தச் சண்டை யூஸ்நெட் வரலாற்றில் தனி அத்தியாயம். அறிவியல் குழு வாக்கில் வென்றது, ஆனால் பல நிர்வாகிகள் அதைச் சுமக்கவில்லை. 1996-இல் வெள்ளை இனவெறி இசைக்கு ஒரு குழு கேட்டபோது 33,000-க்கும் மேல் எதிர்வாக்குகள் விழுந்தன. ஆதரவு 600-ஐத் தொடவில்லை. இந்த வாக்குகளை எண்ணவும் தன்னார்வலர்கள் இருந்தார்கள். எந்தத் தரப்பையும் சாராதவர்களே எண்ணவேண்டும் என்பதற்காக அவர்களுக்கென்று ஒரு குழுவே அமைந்தது. ஊதியம் இல்லை, திட்டு மட்டும் ஏராளம்.

ஒரு கணினி மறுத்தால் என்ன ஆகும் என்பதை 1989 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு காட்டியது. பிராட் டெம்பிள்டன் என்பவர் தேர்ந்தெடுத்து வெளியிட்ட நகைச்சுவைக் குழுவில் இனத்தைக் கிண்டல் செய்யும் துணுக்கு ஒன்று வந்தது. பல்கலைக்கழகக் கணினி நிர்வாகம் அந்தக் குழுவையே நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான ஜான் மெக்கார்த்தி ஆசிரியர்களைத் திரட்டி எதிர்த்தார். நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிடுவதற்கு இது சமம் என்பது அவர்கள் நிலைப்பாடு. குழு திரும்பி வந்தது. தடை இருந்த நாட்களிலும் உலகின் மற்றப் பகுதிகள் அந்தத் துணுக்குகளைப் படித்துக்கொண்டேதான் இருந்தன.

யூஸ்நெட்டின் உண்மையான செல்வம் சண்டைகளில் இல்லை. ஒரே கேள்வியைப் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, பழையவர்களில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பதில்களை எல்லாம் தொகுத்து மாதம் ஒருமுறை வெளியிடத் தொடங்கினார். 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று இன்று ரயில்வே இணையதளம் முதல் வங்கி வரை எங்கும் காணும் வடிவம் அப்படித்தான் நிலைபெற்றது. நாய் வளர்ப்பு, பூட்டு திறத்தல், வரி, மிதிவண்டி பழுது, நோய்கள் என்று நூற்றுக்கணக்கான தொகுப்புகள் உருவாயின. அவற்றை எல்லாம் ஒரே குழுவில் சேர்த்து, வடிவம் சரிபார்த்து, எம்ஐடியின் கணினி ஒன்றில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார் ஜொனாதன் காமென்ஸ். பெரிய எழுத்தில் கத்தாதே, பதில் எழுதுமுன் மற்ற பதில்களைப் படி, முந்தைய செய்தியில் தேவையான வரியை மட்டும் எடுத்துக்காட்டு என்று நடைமுறைகளைச் சொல்லும் வழிகாட்டிகளைச் சக் வான் ரோஸ்பாக் போன்றவர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு புதியவருக்கும் அவை முதலில் கண்ணில் படும்படி தனிக் குழுவே இருந்தது.

இப்படித் தொகுத்ததில் மிகப் பெரிதாக வளர்ந்தது ஒரு சினிமாப் பட்டியல். திரைப்படங்களுக்கான குழுவில் சிலர் நடிகைகளின் பெயர்களையும், வேறு சிலர் இயக்குநர்களின் படங்களையும், இன்னும் சிலர் மறைந்த கலைஞர்களையும் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு காவலர். மற்றவர்கள் விடுபட்டதை எழுதி அனுப்புவார்கள், அவர் சேர்த்து மறுபடி வெளியிடுவார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்த கோல் நீதம் என்ற பொறியாளர் 1990 அக்டோபர் 17 அன்று, இந்தப் பட்டியல்களைத் தேடிப் பார்க்க உதவும் சிறு நிரல்களை அதே குழுவில் வெளியிட்டார். அதுதான் ஐஎம்டிபி. 1993-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கணினியில் அது இணையதளமானது. 1998-இல் அமேசான் அதை வாங்கியது. சிவாஜியின் படங்களையோ இளையராஜாவின் இசைப் பட்டியலையோ அங்கே தேடுகிற யாருக்கும், அதன் அடித்தளம் ஒரு ரசிகர் கூட்டம் சம்பளமின்றித் தட்டச்சு செய்தது என்பது தோன்றாது. நிறைய பேர் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்த உழைப்பு ஒரு நிறுவனத்தின் சொத்தாக முடிவது அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. மாறாக, 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிய குழுவில் தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றிச் சொல்லி, உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டார். அந்த லினக்ஸ் இன்றுவரை பொதுச் சொத்து. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை, விதிகளில்தான் வேறுபாடு.

தமிழர்களுக்கும் யூஸ்நெட்டில் ஓர் இடம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்ற குழு அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் படித்த தமிழ் மாணவர்களின் கூடுமிடமாக இருந்தது. இலக்கணமும் சினிமாவும் ஈழப்போரும் அங்கே ஒன்றையடுத்து ஒன்றாக வரும். அன்றைய வலை ஆங்கில எழுத்தை மட்டுமே சுமந்ததால், தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்டவேண்டும். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதே நீண்ட விவாதம். கனடாவில் வாழ்ந்த கே. சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி' என்ற நிரல் ரோமன் எழுத்தில் தட்டியதைத் தமிழாக மாற்றிக் கொடுத்தது. திரையில் தமிழ் தெரிய ஆசைப்பட்ட அந்தத் தலைமுறையின் ஆவல் பிறகு எழுத்துருக்களாகவும் குறியீட்டுத் தரங்களாகவும் வளர்ந்தது. 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைப் பகுதி பகுதியாகத் தட்டச்சு செய்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் பிழை திருத்தி உருவாக்கியது. திருக்குறளைத் தேட இன்று யாரும் அதைத் திறக்கலாம், கட்டணமில்லை.

யூனிக்ஸ் கணினி வாங்க வழியில்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை. 1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ், வீட்டுக் கணினிகள் நள்ளிரவில் ஒன்றையொன்று அழைத்துச் செய்தி மாற்றிக்கொள்ளும் ஃபைடோநெட்டைத் தொடங்கினார். இனஒதுக்கல் அரசுக்கு எதிரான புறக்கணிப்பால் தனித்து நின்ற தென்னாப்பிரிக்காவுக்கு, 1980-களின் இறுதியில் வெளியுலக மின்னஞ்சல் வழியாக இருந்தது இந்த ஃபைடோநெட். ரோட்ஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் அழைத்தது அமெரிக்காவில் ராண்டி புஷ் என்பவரின் வீட்டில் இருந்த கணினியை.

இவ்வளவு நன்றாக நடந்தது ஏன் தளர்ந்தது? ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளில் புதிய மாணவர்கள் சேர்வார்கள். யூஸ்நெட்டில் ஒரே கூச்சலாக இருக்கும். பழையவர்கள் வழிகாட்டிகளைக் காட்டுவார்கள், கடிந்துகொள்வார்கள், சில வாரங்களில் புதியவர்கள் பழகிவிடுவார்கள். 1993-இலிருந்து வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை உள்ளே விடத் தொடங்கின. 1994 மார்ச்சில் ஏஓஎல் தன் சந்தாதாரர்களுக்குக் கதவைத் திறந்தது. இனி ஆண்டு முழுதும் செப்டம்பர்தான். 'முடிவில்லாத செப்டம்பர்' என்று பழையவர்கள் அதை அழைத்தார்கள். அவர்கள் பேச்சில் கொஞ்சம் செருக்கு இருந்தது உண்மை. வந்தவர்களில் பெரும்பாலோர் தங்களைப் போலவே ஆர்வத்தோடு வந்த சாதாரண மனிதர்கள் என்பதை அவர்கள் மறந்தார்கள். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம். நூறு பேர் வந்தால் பத்துப் பேர் சொல்லிக் கொடுக்கலாம். நூறாயிரம் பேர் வரும்போது அந்தப் பத்துப் பேரால் என்ன செய்ய முடியும்? புதியவர்களைக் கொண்டுவந்த நிறுவனங்கள் அவர்களுக்கு நடைமுறைகளைச் சொல்லிக் கொடுக்கும் வேலையை மட்டும் ஏற்கவில்லை.

1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர் கிரீன் கார்டு குலுக்கலுக்கான தங்கள் விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் தனித்தனியாக இட்டார்கள். செலவு முழுதும் மற்றவர்களுடையது. கோபித்தவர்களின் அஞ்சல் வெள்ளத்தில் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கணினியே திரும்பத் திரும்பச் செயலிழந்தது. நார்வேயில் ஆர்ன்ட் குல்பிரான்சன் ஒரு நிரல் எழுதி, அவர்களின் செய்திகளைத் தானாகவே நீக்கும் கட்டளைகளை அனுப்பினார். யூஸ்நெட்டில் எழுதியவரே தம் செய்தியைத் திரும்பப் பெறுவதற்கு வைத்த வசதி அது. பிறர் செய்தியை நீக்க அதைப் பயன்படுத்துவது ஆபத்தான வழி. இன்று விளம்பரம், நாளை பிடிக்காத கருத்து. எனவே நீக்குகிறவர்கள் தங்களுக்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். செய்தியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது. எத்தனை குழுக்களில் எத்தனை முறை இடப்பட்டது என்பதை மட்டும் பார்க்கவேண்டும். சேத் பிரைட்பார்ட் வகுத்த ஒரு சூத்திரத்தில் மதிப்பு இருபதைத் தாண்டினால் நீக்கலாம். அதிகாரம் கைக்கு வந்தபோது அதை எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்ட அந்தக் கட்டுப்பாடு, யூஸ்நெட் விட்டுச்சென்றவற்றில் மிக உயர்ந்தது.

தங்கள் வழியாக வரும் விளம்பரங்களைக் கண்டுகொள்ளாத நிறுவனங்களுக்குத் தண்டனையும் இருந்தது. அங்கிருந்து வரும் எல்லாச் செய்திகளையும் மற்றக் கணினிகள் ஒதுக்கிவிடும். 1997 ஆகஸ்டில் அந்தத் தண்டனை யூயூநெட்டுக்கே விழுந்தது. பத்தாண்டுக்கு முன், தனியார் தயவில் ஓடிய யூஸ்நெட்டுக்கு நிலையான பாதை அமைக்கவென்று, முதுகெலும்பு நிர்வாகிகளில் ஒருவரான ரிக் ஆடம்ஸ் தொடங்கிய நிறுவனம் அது. சில நாட்களில் அவர்கள் தங்கள் வீட்டை ஒழுங்குபடுத்தினார்கள்.

ஆனால் களைப்பு கூடிக்கொண்டே போனது. 1998 ஏப்ரலில் விளம்பரங்களை நீக்கிவந்த தன்னார்வலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நிறுவனங்கள் பார்க்கட்டும் என்று. இன்னொரு பக்கம், படங்களையும் திரைப்படங்களையும் எழுத்தாக மாற்றித் துண்டு துண்டாக இடும் பழக்கம் சர்வர்களின் வட்டுகளை நிரப்பியது. உரையாடலுக்கு வேண்டிய இடம் அதில் மிகச் சிறு பங்கு. ஒரு துறைப் பேராசிரியரோ மாணவரோ ஓய்வு நேரத்தில் முழு யூஸ்நெட்டையும் சுமப்பது முடியாத காரியமானது.

பழைய செய்திகள் தப்பியதற்கும் ஒரு மனிதரே காரணம். டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் பத்தாண்டுகள் தம் கணினிக்கு வந்த செய்திகளைக் காந்த நாடாக்களில் எழுதி வைத்தார். மற்ற நிர்வாகிகள் இடமில்லாமல் இரண்டு வாரத்தில் அழித்தவற்றை அவர் 141 நாடாக்களில் காத்தார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அந்த நாடாக்களை வேறொரு கனடியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வைஸ்மன் படித்து எடுத்தார். 2001-இல் டெஜாநியூஸ் என்ற யூஸ்நெட் காப்பகத்தை வாங்கிய கூகுள், அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்பென்சரின் இருபது லட்சம் செய்திகளையும் சேர்த்து வெளியிட்டது. மேலே சொன்ன பல நிகழ்ச்சிகளுக்குத் தேதி சொல்ல முடிவது அந்த நாடாக்களால்தான்.

2005-இல் ஏஓஎல் விலகியது. 2010 மே மாதம் டியூக் பல்கலைக்கழகம், எல்லாம் தொடங்கிய இடமே, தன் யூஸ்நெட் சர்வரை நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யூஸ்நெட்டிலிருந்து புதிய செய்திகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. கடைசி ஆண்டுகளில் குப்பை விளம்பரங்களில் பெரும்பங்கு கூகுளின் வாசல் வழியாகவே வந்துகொண்டிருந்ததால், எஞ்சியிருந்தவர்கள் அதற்காக வருந்தவில்லை. ஒரு சில தன்னார்வ சர்வர்களில் நிரல்மொழிகள், பழைய கணினிகள் பற்றிய குழுக்கள் இப்போதும் ஓடுகின்றன. குழுக்களைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு நிர்வாகக் குழு 2020-இல் மறுபடி உயிர்பெற்றது.

இதற்கிடையே அதே எண்ணம் வேறு உருவில் வந்தது. 2018 ஜனவரியில் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்றது. தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் அந்த நெறிமுறையின் மேல் குறும்பதிவுகளுக்கான மாஸ்டோடானும், தலைப்புவாரி விவாதங்களுக்கான லெம்மியும் இயங்குகின்றன. 2023 கோடையில் ரெட்டிட் நிறுவனம் வெளிச் செயலிகளுக்குப் பெருங்கட்டணம் விதித்தபோது, சினந்த பயனர்கள் லெம்மிக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பீஹா என்ற லெம்மி சர்வரைக் கவனித்துக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. யாரும் உடனே கணக்குத் தொடங்கக்கூடிய இரண்டு பெரிய சர்வர்களிலிருந்து வந்த வசைகளைச் சமாளிக்க முடியாமல், ஜூன் மாதம் அவர்கள் அந்த இரண்டோடும் தொடர்பைத் துண்டித்தார்கள். வந்தவர்களில் பலர் ஏமாந்தார்கள், சிலர் சர்வாதிகாரம் என்றார்கள். மட்டுறுத்துநர்களுக்குப் போதிய கருவிகள் லெம்மியில் இன்னும் இல்லை, அவை வந்தால் மறுபடி பேசலாம் என்பது பீஹாவின் பதில். அந்தக் கருவிகளை எழுதும் வேலை, வழக்கம் போல, ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்களின் தலையில் விழுந்தது.